இரண்டாம் பாகத்துக்கு ஒரு குறட்டை

முதல் பாகத்தில் அந்த மிருகம் வாயைத் திறந்து உறுமியபோது தியேட்டரில் சிரித்துவிட்டார்களாம். மலையளவு மிருகம், ஒரு பாலத்தையே வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறது. சத்தமோ தண்ணீர்க் குழாயில் காற்று வந்த மாதிரி. அதனால் இரண்டாம் பாகத்துக்குச் சத்தத்தை முதலில் பிடித்துக்கொண்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள், அந்தச் சத்தத்தைத் தேடிச் சென்னையிலிருந்து வந்திருந்த பெண். என் வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கறுப்புப் பெட்டி, கழுத்தில் ஹெட்போன், கையில் பூனை மாதிரி ரோமம் போர்த்திய ஒரு மைக்.

நான் மலேசியாவில், சிரம்பானையொட்டிய அம்பாங்கானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஆண்டு இறுதி விடுமுறையில் பிள்ளைகள் இல்லை, வேன் சும்மா நின்றது. வெளிநாட்டுப் படக் கம்பெனி ஒன்று சுவா என்ற ஊருக்குப் பக்கத்திலிருக்கும், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் படம் எடுக்கிறது, வழி தெரிந்த டிரைவர்கள் வேண்டுமாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அந்தத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் இன்னும் அதன் வாசலையொட்டிய வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆகவே உடனே வரச் சொன்னார்கள். சி ரூசா கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலில் படக்குழு தங்கியிருந்தது. தினமும் காலையில் அந்தப் பெண்ணை அங்கிருந்து ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். சத்தப் பிரிவு என்பது அங்கே அவள் ஒருத்திதான்.

முதல் நாள் அவளிடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படின்னா?" என்றாள். காலையில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன் என்றேன். "எங்க ஊர்ல டிபன்னு சொல்லுவோம். இது நல்லா இருக்கே அக்கா" என்று சொல்லி, அந்தச் சொல்லை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதைக் கேட்டாலும் அவள் அப்படித்தான். சொல்லானாலும் சரி, இரும்பானாலும் சரி, ஒருமுறை மெல்லத் திருப்பிக் கேட்பாள்.

எனக்கோ மிருகத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் தேடினேன்.

"எங்கம்மா இருக்கு அது?"

"அதோ" என்று காட்டினாள்.

ஒருவர் நீளமான கம்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். கம்பின் நுனியில் ஒரு மஞ்சள் டென்னிஸ் பந்து.

"அந்தப் பந்துதான் அக்கா தலை. எல்லாரும் அதைப் பாத்துத்தான் பயப்படணும். மிச்ச உடம்பை அப்புறம் கம்ப்யூட்டர்ல வரைவாங்க."

எனக்குத் தெரிந்த பெண்கள், ஆண்கள், முன்பு அவர்களை வேலை வாங்கிய மண்டோர் ஒருவர், எல்லோரும் அந்தப் பந்தைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார்கள். ஓடி முடித்ததும் பாய் விரித்து உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள். கம்பு பிடிப்பவருக்குக் கை வலித்தால் மிருகத்தின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். உடனே டைரக்டர் ஆங்கிலத்தில் கத்துவார். மிருகம் மறுபடி உயரமாகும்.

வால் தனி. அது நிஜமாகவே இருந்தது. நீளமான ரப்பர் குழாய், அதற்குள் ஆட்கள். சிரம்பானில் சிங்க நடனம் ஆடும் சீன இளைஞர்கள்தான் உள்ளே இருந்து அதை வளைத்தார்கள். ஒருவருக்கொருவர் கால் பார்த்து நடக்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டல்லவா. இடைவேளையில் வாலின் ஓட்டைகளிலிருந்து வியர்த்த முகங்கள் வெளியே வந்து ஐஸ் தண்ணீர் கேட்கும்.

தோலை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டு பேர் முதிர்ந்த செம்பனை மரங்களின் அடிமரத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒரு பசையைப் பூசிக் காயவைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். மட்டை வெட்டி வெட்டி அடிக்கட்டைகள் செதில் செதிலாக நிற்கும் அல்லவா, அதை அப்படியே அச்செடுத்து மிருகத்துக்குத் தோல் ஆக்கினார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற மரம். அதற்குள் இப்படி ஒரு விலங்கு நின்றுகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கால்தடங்களை எக்ஸ்கவேட்டரை வைத்துத் தோண்டினார்கள். அன்று மதியமே மழை பெய்து அவற்றில் தண்ணீர் தேங்கிவிட்டது. மறுநாள் காலையில் தோட்டத்து மாடுகள் மிருகத்தின் குதிகாலில் வரிசையாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. உதவி டைரக்டர் ஒருவர் அவற்றைத் துரத்த ஓடினார். டைரக்டர் அவரைத் தடுத்து நிறுத்தி, முதலில் கேமராவைக் கொண்டுவரச் சொன்னார். அந்த மாடுகள் படத்தில் இருக்கின்றன.

சத்தக்காரப் பெண்ணுக்குப் படப்பிடிப்பில் அதிகம் வேலை இல்லை. எல்லோரும் ஒரு பக்கம் அலறிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் இன்னொரு பக்கம் சத்தம் பொறுக்கப் போவோம். செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் மைக்கை லாரிக்கு அடியில் கட்டினாள். வெறும் இரும்புத் தொட்டியில் முதல் குலை விழுந்தது. ஹெட்போனை என் காதில் மாட்டி, அந்தச் சத்தத்தை மெதுவாக்கி ஓடவிட்டாள். என் வயிறு அதிர்ந்தது.

"இதுதான் அது நடக்கற சத்தம்" என்றாள்.

அந்த மாதிரி லாரியைத்தான் அப்பா வேலையிலிருந்து நிற்கும்வரை ஓட்டினார். அந்தச் சத்தத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். மெதுவாக்கினால் அதற்குள் ஒரு பாதம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

உறுமலுக்குப் பழைய புகைக்கூடத்தின் இரும்புக் கதவு கிடைத்தது. தோட்டம் முழுக்கப் பால்மரமாக இருந்த காலத்தில் ரப்பர் தகடுகளைப் புகை போட்ட கட்டடம் அது. இப்போது உரமூட்டைகள் கிடக்கின்றன. கதவு சிமெண்டுத் தரையில் உரசித்தான் திறக்கும். அதை அவள் மெல்லத் திறந்தாள், வேகமாகத் திறந்தாள், பாதியில் நிறுத்தினாள். அதோடு ஒரு காளையின் கத்தலையும் லாரி பிரேக்கின் காற்றையும் சேர்த்தாள். மிருகம் கண்ணைத் திறக்கிற சத்தத்துக்கு அம்மா பழுத்த பலாப்பழத்தைக் கையாலேயே இரண்டாகப் பிளந்து கொடுத்தாள். அந்தப் பிசின் விடுபடுகிற சத்தம் இருக்கிறதே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உடம்பு கூசும்.

எல்லாம் கிடைத்தது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

"கத்தறது சுலபம் அக்கா. தூங்கறதுதான் கஷ்டம்" என்றாள்.

கதைப்படி, படத்தின் நடுப்பகுதியில் மிருகம் தோட்டத்துக்குப் பின்னால் குளத்துப் பள்ளத்தில் படுத்துத் தூங்குகிறது. ஊர் மக்கள் அதைத் தாண்டித்தான் தப்பிக்க வேண்டும். அந்தத் தூக்கத்துக்கு ஒரு மூச்சு வேண்டும். அவள் லாரி டயரின் காற்றைத் திறந்துவிட்டுப் பார்த்தாள். பட்டறையில் துருத்தி வாங்கி ஊதிப் பார்த்தாள். படக்குழுவில் குறட்டை விடும் ஒருவரைக்கூடப் பதிவு செய்தாள். அது மனுஷன் தூங்குகிற மாதிரியே இருக்கிறது என்று அழித்துவிட்டாள்.

அந்த வாரம் ஒரு மதியம் அவளை என் பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். அம்மா நெத்திலி சம்பலும் ரசமும் வைத்திருந்தாள். அப்பா முன்னமே சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினோம். இரண்டு கவளம் போயிருக்கும். அவள் சோற்றோடு கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அக்கா, உள்ள என்ன மெஷின் ஓடுது?"

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்கு எந்த மெஷினும் கேட்கவில்லை. அம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "மெசின் இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு."

அப்பாவின் குறட்டை எனக்குப் பழகிப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் கழுத்து தடித்த, பெரிய உடம்புக்காரர். லயத்தில் இருந்த காலத்திலேயே அவர் குறட்டை பலகைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீடுகளுக்கும் போகும். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மிகவும் மரியாதையாக வந்து, வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அது எங்கள் வீட்டில் பல வருடம் ஓடிய சிரிப்பு.

சத்தக்காரப் பெண் சிரிக்கவில்லை. எழுந்து எச்சில் கையோடு உள்ளறைக் கதவருகே போய் நின்றாள். முதலில் எதையோ சரளைக்கல் மேல் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அது ஒரு மேட்டில் ஏறி நிற்கும். பிறகு உதடு வழியாக ஒரு நீண்ட காற்று. "கெடச்சிருச்சு அக்கா" என்றாள்.

அப்பா எழுந்து வந்து கோப்பி குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னோம்.

"என் கொறட்டையா? படத்துலயா?"

"ஆமாப்பா. மிருகம் தூங்கற சீன்ல."

அப்பா கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்து யோசித்தார். "அது நல்ல மிருகமா, கெட்ட மிருகமா?"

"முதல் பாகத்துல கெட்டதுப்பா. இந்தப் பாகத்துல கொஞ்சம் நல்லதாயிடும்."

"அப்ப சரி லா" என்றார்.

மறுநாள் மதியம் அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. குளிர்ப்பெட்டியை நிறுத்தினோம். காற்றாடியை நிறுத்தினோம். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினோம். ஜன்னலில் மெத்தையைச் சாத்தினோம். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேவலைக் கொல்லைப் பக்கம் கட்டும்படி கேட்டுவிட்டு வந்தாள். அப்பா குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, புதுச் சாரோங் கட்டிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் நேராகப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. ஆனால் தூங்கவில்லை.

"சும்மா தூங்குங்கப்பா" என்றாள் அந்தப் பெண்.

"எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தா எப்பிடிம்மா தூங்கறது?"

மைக்கை அறையில் வைத்துவிட்டு, ஒயரைக் கதவுக்கு அடியில் இழுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் சமையலறைக்கு வந்துவிட்டோம். "பேப்பரப் படிங்க, தானா தூக்கம் வரும்" என்று அம்மா இங்கிருந்தே குரல் கொடுத்தாள். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அது குறைந்தது. பிறகு நின்றது. கொஞ்ச நேரத்தில் சரளைக்கல் இழுபட ஆரம்பித்தது.

அந்தப் பெண் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்பதைப் பார்ப்பதே எனக்கு ஒரு வேடிக்கை. அம்மா கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பு திடீரென்று போய்விட்டது. அவள் கண்ணைத் திறந்து பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தாள். ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தோள் இறங்கியது, பெருமூச்சு விட்டாள். சற்று நேரத்தில் மறுபடியும் அதேபோல் நிமிர்ந்தாள். இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

அப்பா என் தலைக்குள் இருந்தார். தொண்டையின் ஈரம்கூடக் கேட்டது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பிறகு ஒன்றும் இல்லை. கட்டிலின் கம்பி ஒன்று முனகியது. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. மூச்சு வரவில்லை. பெட்டியின் திரையில் மலை மலையாக ஓடிக்கொண்டிருந்த கோடு, தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருந்தது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது, அப்பா திணறி, உடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பாவுக்கு எப்பவும் இப்படித்தானா அக்கா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"கொறட்டைதானேம்மா."

"கொறட்டை இல்ல. நடுவுல நிக்குது. நான் டாக்டர் இல்ல. ஆனா எங்க மாமாவுக்கு இப்படி இருந்துச்சு. ஒரு தடவை ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

"நிக்கும்" என்றாள் அம்மா.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரொம்ப வருசமாவே நிக்கும். நான் தோள்ல ஒரு தட்டுத் தட்டுவேன். வந்துரும்."

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்? ஒங்கப்பா கொறட்டையில எனக்குத் தூக்கமே இல்லன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். எல்லாரும் சிரிச்சீங்க."

"சத்தத்துல தூங்க முடியலன்னு நெனச்சோம்மா."

"சத்தம் இருந்தா நான் நல்லாத் தூங்குவேன்" என்றாள் அம்மா. "சத்தம் நின்னாத்தான் முழிச்சிக்குவேன்."

கீரைத் தண்டை முறித்துக் கிண்ணத்தில் போட்டாள். உள்ளே அப்பா மறுபடி மூச்சை நிறுத்தியிருந்தார். அம்மா எழுந்திருக்கப் போனாள். அதற்குள் அது வந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் பெட்டியை அணைத்துவிட்டாள். போதும் என்றாள்.

ஆஸ்பத்திரி என்றால் அப்பாவுக்கு ஆகாது. கொறட்டைக்கெல்லாமா டாக்டரைப் பார்ப்பார்கள், கூட வேலை செய்த லாரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்றார். அம்மா சொல்லிப் பார்த்தாள். நான் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண், "நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்கப்பா" என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள்.

முதலில் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுவா நானு? ஐயோ, பக்கத்து வீட்டுக்காரன் பாவம் லா!" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. காத்திருந்தார். ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"மெசினு கெட்டுப் போச்சா?"

"இல்லப்பா. அது நீங்கதான்."

அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தத் திணறல் வந்தபோது அவர் தோள் துள்ளியது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தண்ணிக்குள்ளேருந்து யாரோ எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "இப்பிடியா தெனமும்?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். "எப்பப் போலாம்?" என்றார் என்னிடம்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அதற்கு முன்னதாகவே குளத்துப் பள்ளத்துக் காட்சியை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பதிவைப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை. ஒரு காலையில் வேனை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பச் சொல்லி, அப்பாவிடம் நேராகக் கேட்டாள்.

"இதைப் படத்துல போடட்டுமாப்பா? இல்ல, அழிச்சிரட்டுமா? எனக்கு ரெண்டும் சம்மதம்."

"எதுக்கு அழிக்கணும்?" என்றார் அப்பா. "டாக்டர் சரி பண்ணிட்டாருன்னா அப்புறம் நானே நெனச்சாலும் அந்த மாதிரி தூங்க முடியாது. போடு லா."

டைரக்டருக்கு அந்த இடைவெளிகள்தான் மிகவும் பிடித்திருந்தனவாம். சத்தம் பயமில்லை, சத்தம் நிற்கும்போது ஆட்கள் நாற்காலி நுனிக்கு வருவார்கள் என்று சொன்னாராம். ஒரு இடைவெளியையும் வெட்டக் கூடாது என்று கட்டளை. ஏன் அது நிற்கிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

குளத்துப் பள்ளத்தில் மிருகம் என்று இருந்தது பச்சைத் துணி போர்த்திய மண்மேடு. அதன் ஓரமாக எங்களைப் பூனை நடை நடக்கச் சொன்னார்கள். ஆள் குறைந்ததால் நானும் தலையில் ஒரு கூடையோடு வரிசையில் நின்றேன். எல்லோரும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் மூச்சை ஓடவிட்டார்கள். மூச்சு வந்தால் அடி எடுத்து வைக்க வேண்டும். மூச்சு நின்றால், கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே உறைந்துவிட வேண்டும்.

மெதுவாக்கி, கனமாக்கி விட்டிருந்தார்கள். குளத்துத் தண்ணீரே நடுங்கியது. முதல் மூச்சு முடிவதற்குள் எனக்கு முன்னால் நின்ற, அப்பா வீட்டுக்கு மறுபக்கத்து வீட்டு அக்கா திரும்பினார்.

"ஏய், இது ஒங்கப்பா கொறட்டதானே?"

அவ்வளவுதான். வரிசை முழுக்கச் சிரிப்பு. இரண்டு கூடை கீழே விழுந்தது. டைரக்டர் ஓடிவந்து என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மிகவும் பணிவாக, உங்கள் அப்பா நலமா என்று கேட்டார். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுபடி நடந்தோம். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு நடிப்பு தேவைப்படவில்லை. மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு காலைத் தூக்கியபடி, அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு, வா, வா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஒரு இரவு படுக்க வைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆகாது என்றார் டாக்டர். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். நீளமான குழாய், முகமூடி. அதை முதன்முதலில் மாட்டிக்கொண்டு அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இப்பத்தான் லா நான் மிருகம் மாதிரி இருக்கேன்" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மெஷினோடு அப்பா சத்தமே இல்லாமல் தூங்கினார். அதனால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. சத்தம் இல்லையென்றால் விழித்துக்கொள்வது அவள் உடம்புக்குப் பழக்கம். எழுந்து எழுந்து முகமூடியின் மேல் கை வைத்துப் பார்ப்பாளாம். காற்று படும், படுப்பாள், மறுபடி எழுவாள். இப்படியே சில வாரம் போயிற்று. பிறகு ஒரு காலையில் அப்பா எனக்குப் போன் செய்தார். குரலே சரியில்லை.

"ஒங்கம்மா இன்னும் எந்திரிக்கல. வெயில் வந்துருச்சி. கூப்ட்டாலும் அசையல. நீ கொஞ்சம் வா."

அம்பாங்கானிலிருந்து எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், தலை கலைந்து, கண் வீங்கி, கோபமாக. "மனுசிய நிம்மதியாத் தூங்க விடமாட்டீங்களா?" என்றாள். அப்பா தன் கையால் போட்ட கோப்பியை ஏந்திக்கொண்டு கதவருகே நின்றார். அது வாயில் வைக்க முடியாத இனிப்பு. மூவரும் குடித்தோம்.

அந்தப் பெண் அதற்குள் சென்னைக்குத் திரும்பியிருந்தாள். படம் வெளியாகும் நாளை அவள்தான் போன் செய்து சொன்னாள். சிரம்பானில் ஒரு மாலைக் காட்சிக்கு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போனேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

மிருகம் முதல் அடி எடுத்து வைத்தது. தியேட்டரின் தரை அதிர்ந்தது. "நம்ப லாரி!" என்றார் அப்பா உரக்க. முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். கண் திறந்தபோது அம்மா என் கையைக் கிள்ளி, "பலாப்பழம்" என்றாள். மாடுகள் வந்தன. உறுமல் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டென்னிஸ் பந்து இருந்த இடத்தில் இப்போது ஒரு முகம் இருந்தது. அது எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

பிறகு குளத்துப் பள்ளம். மிருகம் படுத்திருந்தது. அந்த மூச்சு தியேட்டரின் நான்கு பக்கமிருந்தும் வந்தது. திரையில் நாங்கள் வரிசையாக, கூடைகளோடு. மூச்சு நின்றது. பக்கத்தில் பாப்கார்ன் தின்றவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

அம்மா எழுந்துவிட்டாள். இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தடவித் தடவி வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். வெளியே விளக்கு வெளிச்சத்தில், பாப்கார்ன் விற்கிற கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. பக்கத்துல முழிச்சிக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்காரு. எனக்குத் தெரியும். ஆனாலும் அத ஒக்காந்து கேக்க முடியல." கண்ணாடிக் கூண்டைப் பார்த்தாள். உள்ளே சோளம் பொரிந்துகொண்டிருந்தது. "இத்தன பேரு கேக்குறாங்க இல்ல? நான் ஒருத்திதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் பக்கத்தில் நின்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி எங்களைத் தேடினார்.

"ரெண்டு பேரும் இங்க என்னா பண்றீங்க?"

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள் அம்மா.

அப்பா கையை நீட்டினார்.

"மூச்சு வந்துருச்சி. வா."

அம்மா அவர் பின்னால் போனாள். நாங்கள் மறுபடி உட்கார்ந்தபோது மிருகம் குளத்திலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகிலிருந்து தண்ணீரும் சேறும் ஒரு முழுச் செம்பனை மரமும் வழிந்து விழுந்தன. அம்மா இறுதிவரை பார்த்தாள். மிருகம் நல்லதாக மாறிவிட்டதா இல்லையா என்பதில் மட்டும் அவளுக்கும் அப்பாவுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்தார்கள்.